பேட்டரி மாற்றும் முன் டெர்மினலைப் பாருங்கள்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறரை மணிக்கு லிந்தாங் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். "அண்ணே, காடி ஸ்டார்ட் ஆகல, டக் டக்குன்னு சத்தம் மட்டும் வருது. இந்த வருஷத்துல இது ரெண்டாவது பேட்டரி" என்றார், அழுதுவிடுவார் போலிருந்தது. ஏழரைக்குப் பள்ளிக்கூடம், தோட்டத்திலிருந்து வேறு வண்டியும் இல்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். டீச்சருடையது பழைய பெரோடுவா காஞ்சில் காடி. விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஹார்ன் அடிக்கிறது, எஞ்சின் மட்டும் சுற்றவில்லை. மல்டிமீட்டரின் ஒரு கம்பியை பேட்டரியின் பாசிட்டிவ் குமிழ் (மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஈய முனை) மேலும், இன்னொன்றை அதே குமிழைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மேலும் வைத்துக்கொண்டு, "டீச்சர், இப்ப சாவியைத் திருப்புங்க" என்றேன். 5 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் உலோகம், அங்கே பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும்.

கிளாம்பைக் கழற்றினால் உள்ளே ஒரு தகரத் துண்டு. பேட்டரி மாற்றியவர், கிளாம்ப் லூசாக இருக்கிறது என்று பிஸ்கட் டின் தகரம் மாதிரி எதையோ வெட்டிச் சொருகி முறுக்கிவிட்டிருக்கிறார், அது துருவேறிப் பொரிந்து போயிருந்தது. சுரண்டித் துடைத்து, கையிலிருந்த புதுக் கிளாம்பைப் போட்டு இறுக்க இருபது நிமிடம் ஆனது. முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. அவர் பள்ளிக்கு நேரத்துக்குப் போய்விட்டார், எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இந்தப் பேட்டரியில் ஒரு குறையும் இல்லை என்றால், வருட ஆரம்பத்தில் அதே டக் டக் சத்தத்துக்காகக் கழித்துப் போட்ட முந்தைய பேட்டரியும் நல்லதாகவே இருந்திருக்கலாம். இருநூறு வெள்ளிக்கு மேல் போன காசு அது. சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற ஊரில் அது சின்னக் காசு இல்லை.

"லைட் எரியுதே அண்ணே, அப்புறம் எப்படி கனெக்‌ஷன் கெட்டிருக்கும்?" என்று எல்லாரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரோ சின்னக் காடியிலேயே 100, 150 ஆம்பியர் இழுக்கும், டீசல் லோரி என்றால் அதைவிடப் பல மடங்கு. டெர்மினலில் அழுக்கு சேர்ந்து வெறும் 0.01 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். விளக்குக்கு 0.1 வோல்ட் குறையும், கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டருக்கு 150 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும், தடை இன்னும் ஏறினால் வெறும் டக் டக்தான். விளக்கு எரிவதை வைத்துக் கனெக்‌ஷனை நம்பாதீர்கள்.

நம் ஊரில் ஓடும் காடிகளில் பெரும்பாலும் ஜப்பான் அளவு பேட்டரிதான். அதில் குமிழ் இரண்டு அளவில் வரும். மெல்லியதில் பாசிட்டிவ் 14.7 மில்லிமீட்டர், நெகட்டிவ் 13. தடித்ததில் 19.5, 17.9. எதில் பார்த்தாலும் பாசிட்டிவ்தான் கொஞ்சம் பருமன். பேட்டரியின் மேல் என்எஸ்40இசட்எல் என்று போட்டிருந்தால் மெல்லிய குமிழ், கடைசியில் ஓர் எஸ் சேர்ந்து வந்தால் தடித்த குமிழ். தடித்ததற்கு வந்த கிளாம்பை மெல்லியதில் மாட்டினால் எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. ஆணி, தகரம், சிகரெட் பெட்டித் தாள் எல்லாம் சொருகுகிறார்கள். அதற்கென்றே குமிழ் மேல் மாட்டும் ஈயக் குப்பி விற்கிறது, சில வெள்ளிதான், அதைக் கேட்டு வாங்குங்கள். இறுக்கிய பிறகு கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள், அசையவே கூடாது.

அப்புறம் அந்தப் பூ. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ பூத்திருக்கிறதே, அது பேட்டரியிலிருந்து கசியும் ஆசிட் ஈயத்தையும் செம்பையும் அரித்ததால் வருவது. உரம் ஏற்றும் லோரிகளில் இதை ரொம்ப மோசமாகப் பார்க்கிறேன், செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உப்பு ஜாதி, அந்தத் தூள் ஈரத்தோடு சேர்ந்து எந்த உலோகத்தையும் தின்னும். துடைப்பதற்கு ஆப்ப சோடா போதும், ஒரு கப் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி. பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கிறதா பார்த்துவிட்டு ஊற்றுங்கள், நுரைத்து அடங்கும். தண்ணீரில் கழுவி, காயவிட்டு, குமிழும் கிளாம்பின் உள்பக்கமும் பளபளவென்று வரும்வரை தேயுங்கள். வாஸ்லீனோ கிரீஸோ இறுக்கி முடித்த பிறகு மேலே மட்டும். சிலர் கோலா ஊற்றுகிறார்கள், பூ கரையும், ஆனால் சர்க்கரைப் பிசுக்கு நின்றுவிடும்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் அப்படியே ஷார்ட், ஸ்பேனர் பழுத்துவிடும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், ஒரு தீப்பொறி போதும் வெடிக்க. ஒரு பையன் கையில் இரும்புக் காப்போடு வேலை செய்தான், காப்பு பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி வளையமாகச் சுட்ட தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. மோதிரம், காப்பு, வளையல், கைக்கடிகாரம் எதுவாக இருந்தாலும் கழற்றி வையுங்கள் தம்பிகளா. கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

டெர்மினல் சரி, கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் ஒயரையும் பார்க்க வேண்டும். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஒன்று வந்தது, டிரைவர் அண்ணன் "ஆக்ஸிலேட்டர் கேபிள் சூடாகிப் புகையுது" என்றார். வேறு எங்கோ கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றியபோது எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையை மாட்டாமல் விட்டுவிட்டார்கள். ஸ்டார்ட்டரின் கரண்ட் முழுவதும் திரும்ப வழியில்லாமல் அந்த மெல்லிய கேபிள் வழியாக ஓடியிருக்கிறது. பாதையில் போகும்போது ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கொண்டிருந்தால், குலைச் சுமையோடு, அந்த இறக்கத்தில்! நினைக்கவே பயமாக இருக்கிறது. சோதிப்பது சுலபம். மீட்டரின் ஒரு கம்பி நெகட்டிவ் குமிழில், இன்னொன்று எஞ்சின் இரும்பில், ஒருவர் ஸ்டார்ட் அடிக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5 தாண்டினால் பட்டையைத் தேடிப் பிடியுங்கள். எலி தொல்லை உள்ள லயங்களில் ஒயரையும் பாருங்கள், செம்பனைக் காட்டு எலிக்கு ஒயர் உறை பிடித்த தீனி.

இனி சார்ஜிங். இரவு முழுக்க நின்ற காடியில் எஞ்சின் போடாமல் அளந்தால் நல்ல பேட்டரி 12.6 காட்டும், 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் காலி. எஞ்சின் ஓடும்போது, விளக்கும் ஏர்கோனும் போட்டு, 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 13ஐ எட்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை, 15ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. புது மாடல் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும், அதில் ஒரு தடவை அளந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால் பேட்டரியை மாற்றச் சொல்கிறது என்று நினைக்கிறார்கள். சார்ஜ் வரவில்லை என்றுதான் அது சொல்கிறது. பெல்ட் தளர்ந்திருக்கலாம், அறுந்திருக்கலாம், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பின்னால் உள்ள ஒயர் கழன்றிருக்கலாம். சாவி போட்டு எஞ்சின் போடாத நேரத்தில் அந்த விளக்கு எரியவே இல்லை என்றாலும் அதுவும் கோளாறுதான், சில காடிகளில் அந்த பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போகிறது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி "எஞ்சின் நிக்கல, ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு" என்று சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். டைனமோ காலத்து வழி அது. பேட்டரி என்ற தாங்கல் இல்லாமல் போனால் ஆல்டர்னேட்டரின் வோல்ட் ஒரு நொடிக்குள் பல மடங்கு எகிறும், ஈசியு என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர் செத்தால் செலவு பேட்டரி விலையைப் போல் எத்தனையோ மடங்கு. சோதிக்க ஒரு மீட்டர் போதுமே.

எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறதா? நிறுத்திய காடி 50 மில்லி ஆம்பியருக்குள்தான் இழுக்க வேண்டும். அலாரம், டேஷ்கேம், ஆம்ப்ளிஃபையர் என்று மாட்டி அரை ஆம்பியர் இழுத்தால் 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாள் தாங்காது. ஆல்டர்னேட்டருக்குள் கரண்டைத் திரும்பிப் போக விடாத டயோட் கெட்டிருந்தாலும் இப்படித்தான், ரேடியோவில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் கேட்டால் அதைச் சந்தேகப்படுங்கள்.

பேட்டரியே போயிருக்காது என்று சொல்லவில்லை. நம் வெயிலுக்கு இரண்டு, மூன்று வருடம் உழைத்தாலே பெரிய விஷயம். வயதான பேட்டரி சும்மா இருக்கும்போது 12.5 காட்டிவிட்டு ஸ்டார்ட் அடித்ததும் குமிழிலேயே 9க்குக் கீழே விழும், அதை மாற்றத்தான் வேண்டும். கடையில் புதுசு வாங்குவதற்கு முன், பழையதைக் கழிப்பதற்கு முன், குமிழிலும் கிளாம்பிலும் தனித்தனியாக அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட மாட்டேன் என்றால் என் கடைக்குக் கொண்டு வாருங்கள், ஞாயிறு காலையிலும் திறந்திருக்கும், மீட்டர் வைத்துப் பார்க்க நான் காசு வாங்குவதில்லை.