வடிகாலை அடைத்தால் என்ன ஆகும்?

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, நிலத்தடி நீர் உவர்த்துப்போன ஊர்களில், சமையற்கட்டுச் சுவரில் ஆர்.ஓ. இயந்திரம் மாட்டாத வீடு இப்போது குறைவு. அதிலிருந்து இரண்டு குழாய்கள் வரும். ஒன்றில் குடிநீர், மற்றொன்றில், பல வேளைகளில் அதைவிட அதிகமாக, நாம் வீண் என்று சொல்லும் தண்ணீர். ஒரு கோடையில் அந்தத் தண்ணீர் ஓடுவது கண்ணை உறுத்தியதால், இரண்டாவது குழாயை மடக்கித் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை அதில் மாட்டிவிட்டேன். இரண்டு நாட்கள் சிக்கனத்தை நினைத்து மகிழ்ந்தேன். மூன்றாம் நாள் காப்பி கரித்தது. பழுதுபார்க்க வந்த தம்பி, நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை டம்ளரில் முக்கிப் பார்த்தார், பிறகு கிளிப்பைக் கழற்றி என் கையில் கொடுத்து, "சார், வடிகாலை அடைச்சா வயல் என்னாவும்?" என்றார்.

கடைமடைப் பிள்ளைக்கு இயல்பாக வரும் கேள்விதான் அது. கடலை நோக்கி ஏறத்தாழத் தட்டையாகச் சரியும் இந்த மண்ணில், மேற்பகுதியில் பாசனம் தரும் ஆறே கடலோரத்தை நெருங்கும்போது வடிகாலாக மாறிவிடுகிறது. மேட்டூர் திறந்த பிறகு தண்ணீர் எப்போது வந்துசேரும் என்று ஆடியில் காத்திருப்பவர், ஐப்பசி அடைமழையில் அது எப்போது வடியும் என்று வரப்பில் நின்று கவலைப்படுவார். அந்தத் தம்பியின் கேள்வியை வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் மூன்று ஆராய்ச்சித் துறைகளுக்குள் நுழைந்துவிடலாம்: உப்பைப் பிரிக்கும் சவ்வுகளைச் செய்யும் பொருளறிவியல், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பாதுகாக்கும் பணி, புற்றுக்கட்டிக்குள் மருந்து ஏன் நுழைவதில்லை என்று தேடும் உயிரியல். மூன்றிலும் ஒரு நுண்துளைப் பொருளுக்குள் நீர் எப்படி நகர்கிறது என்பதே கேள்வி. பிரான்சின் திஜோன் நகரக் குடிநீர் வேலையில் இருந்த ஹென்றி டார்சி என்ற பொறியாளர், மணலுக்குள் நீர் ஊறும் வேகம் இரு முனைகளுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டைப் பொறுத்தது என்று 1856-இல் வெளியிட்ட விதியைத்தான், கிணற்றுக்குக் கணக்குப் போடுபவரும் புற்றுக்கட்டிக்குக் கணக்குப் போடுபவரும் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

முதலில் என் காப்பியைக் கெடுத்த சவ்வு. நல்ல நீரையும் உப்புநீரையும் ஒரு சவ்வால் பிரித்து வைத்தால், நீர் தானாக உப்பின் பக்கம் போகும். அதைத் தடுத்து எதிர்த்திசையில் தள்ள வேண்டுமானால், கடல்நீருக்கு ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டியாக வேண்டும். நடைமுறையில் ஆலைகள் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் கொடுக்கின்றன. 1950களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும் செய்த செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வுதான் இதைச் செலவுக்குக் கட்டுப்படியாகும் வேலையாக்கியது. (சௌரிராஜன் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் பக்கத்தவருக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் நினைவுக்கு வருவார்.) அவர்களது சவ்வின் சிறப்பு அதன் சமச்சீரின்மை: உப்பைத் தடுக்கும் அடர்ந்த தோல் ஒரு பக்கத்தில் மட்டும் மிக மெல்லியதாக இருக்கும், அடியில் இருப்பதெல்லாம் அதைத் தாங்கும் கடற்பஞ்சு போன்ற பகுதி. தோல் பக்கம் உப்புநீரைப் பார்க்க வேண்டும். புரட்டிப் போட்டால் அதே சவ்வு உருப்படியாக வேலை செய்யாது.

நீர் சவ்வைக் கடக்கும்போது உப்பு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. நின்ற உப்பு சவ்வின் முகத்தை ஒட்டிச் சேரச் சேர, அந்த இடத்து நீர் மேலும் மேலும் கரிக்கிறது. அதைத் தள்ளுவதற்குத் தேவையான அழுத்தம் ஏறுகிறது. கடக்கும் நீர் குறைகிறது. செறிவு கூடியதால் உப்பும் கொஞ்சம் கொஞ்சமாகச் சவ்வுக்குள் கசிகிறது. இதைத் தவிர்க்க ஒரே வழி, சவ்வின் முகத்தை உரசிக்கொண்டு ஒரு நீரோட்டம் ஓடி, சேர்ந்த உப்பை அள்ளிக்கொண்டு வெளியேறுவது. நான் கிளிப் போட்டு நிறுத்தியது அந்த ஓட்டத்தைத்தான்.

முத்துப்பேட்டை லகூனில் படகில் போகும்போது இரு கரையிலும் தெரியும் மரங்களில் பெரும்பான்மை வெண்கண்டல் மரங்கள். சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அவற்றின் மூச்சுவேர்கள் எல்லோர் கண்ணிலும் படும். உப்பைப் பிரிக்கும் வேலை கண்ணில் படாமல் சேற்றுக்குள் நடக்கிறது. வேரின் உள்ளடுக்குச் செல்களின் சுவர்களில் சூபெரின் என்ற மெழுகுத் தன்மையுள்ள பொருள், தக்கையில் இருக்கும் அதே பொருள், படிந்து உப்பில் பெரும்பகுதியை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. தப்பி உள்ளே வந்ததை இலைகளில் உள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. நல்ல வெயிலில் ஓர் இலையைப் பறித்து நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிப்பு தெரியும்.

அப்படியானால் நீரைத் தள்ளும் பம்பு எங்கே? பெர் ஷோலாண்டரும் அவரது குழுவினரும் 1965-இல் விடை தந்தார்கள். வெட்டிய கிளையை ஓர் அழுத்தக் கலனுக்குள் வைத்து, வெட்டுவாயில் சாறு எட்டிப் பார்க்கும் வரை வாயு அழுத்தத்தை ஏற்றி அளந்தபோது, அலையாத்தி மரங்களின் சாற்றுக் குழாய்களில் எதிர்மறையாக 30 வளிமண்டலத்துக்கும் கூடுதலான அழுத்தம் இருப்பது தெரிந்தது. இலையின் நுண்துளைகளில் நீர் ஆவியாக ஆவியாக, குழாய்களில் அறுபடாமல் நிற்கும் நீர்த்தூண் மேலே இழுக்கப்படுகிறது. அந்த இழுப்பு வேரில் எதிர்ச் சவ்வூடு பரவலை, அதாவது ஆர்.ஓ. இயந்திரம் செய்யும் அதே வேலையை, நடத்துகிறது. மின்சாரக் கட்டணம் இல்லை, வெயில் போதும். இதையே பார்த்து, யேல் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் பாலியமைடு சவ்வை வேராகவும் நுண்துளைச் சவ்வை இலையாகவும் வைத்து ஒரு செயற்கை அலையாத்தியைச் செய்து, ஆவியாதலின் இழுவிசையால் மட்டுமே உப்புநீரிலிருந்து நன்னீர் எடுத்துக் காட்டினார்கள். ஊருக்குக் குடிநீர் தரும் அளவுக்கு அது வளரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மரம் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம் சரிதான் என்பதற்கு அதைவிட நல்ல சோதனை வேண்டியதில்லை.

இப்போது தம்பியின் கேள்வியை மரத்திடம் கேட்போம். வேர் வெளியே நிறுத்திய உப்பு எங்கே போகும்? வேரைச் சுற்றியுள்ள சேற்றிலேயே சேரும். மரம் குடிக்கக் குடிக்கத் தன் காலடி மண்ணைத் தானே உவராக்கிக்கொள்கிறது. அதனால் அது குடிக்கும் வேகத்துக்கே ஓர் உச்சவரம்பு விழுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1992-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். இதற்கு அங்கே இருக்கும் வடிகால்கள் இரண்டு. ஒன்று, நாள்தோறும் ஏறி இறங்கும் ஓதம். மற்றொன்று, நண்டு வளைகள். களிமண்ணில் நீர் ஊறிக் கடப்பது மிக மெதுவானது. வளைகளோ மண்ணைத் துளைத்த திறந்த குழாய்களாக இருப்பதால், ஒவ்வோர் ஓதத்திலும் அவற்றுக்குள் கடல்நீர் புகுந்து, பக்கத்து மண்ணில் சேர்ந்த உப்பை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. நண்டை வலையில் மாட்டும் பண்டமாக மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு, அது காட்டின் வடிகால் ஊழியர் என்று படித்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

காடு அழிந்த கதையும் இங்கேதான் புரியும். முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் காட்டின் நடுவே பெரிய பொட்டல்கள் உண்டாகியிருந்தன. நெடுங்காலம் அதற்கான பழி ஆடு மாடு மேய்த்தவர்கள் மீதும் விறகு வெட்டியவர்கள் மீதும் விழுந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1988-இல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது, காரணம் வேறொன்றாக இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் காட்டைப் பட்டை பட்டையாகப் பிரித்து முழுவதுமாக வெட்டி எடுத்திருந்தார்கள். நிழல் போன சேறு வெயிலில் காய்ந்து சுருங்கி, நடுப்பகுதி தட்டின் குழியைப் போல் தாழ்ந்தது. பெரிய ஓதத்தில் உள்ளே வந்த நீர் திரும்பிப் போக வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை விட்டுச் சென்றது. கோடையில் அந்த மண்ணின் உப்பு கடல்நீரையும் விஞ்சும். மிதந்து வந்து ஒதுங்கும் விதை அங்கே முளைவிட்டாலும், அந்த உப்பை மீறி நீரை இழுக்கும் வலு இளங்கன்றுக்குக் கிடையாது. எத்தனை கன்று நட்டாலும் பிழைக்காததன் காரணம் இதுதான்.

அவர்கள் 1990களில் செய்த பரிகாரம் டெல்டா விவசாயி எவருக்கும் உடனே புரியும்: வாய்க்கால் வெட்டினார்கள். ஆற்றிலிருந்து ஒரு முதன்மை வாய்க்கால். அதன் இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் கிளைகள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் போல இருக்கும். நீர் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே வழி. சில பருவங்களில் ஓதம் உப்பைக் கழுவிக்கொண்டு போக, வாய்க்கால் சரிவுகளில் நட்ட கன்றுகள் வேர் பிடித்தன.

மூன்றாவது துறைக்குப் போகும்முன் ஓர் எச்சரிக்கை. மரத்திலும் சவ்விலும் சிக்கல் உப்பால் வருகிறது. புற்றுக்கட்டியில் உப்புக்கு அப்படி ஒரு பங்கு இல்லை, அங்கே சிக்கலெல்லாம் அழுத்தத்தால் வருவது. ஆனாலும் வடிகால் என்ற சொல் அங்கே உவமையாக அன்றி நேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது. நம் உடலின் தந்துகிகள் என்ற மிக நுண்ணிய இரத்தக்குழாய்களிலிருந்து எப்போதும் சிறிது நீர் திசுக்களுக்குள் கசியும். அதில் மிஞ்சுவதை நிணநீர் நாளங்கள் வாங்கி மீண்டும் இரத்தத்தில் சேர்க்கின்றன. அதனால் திசுவின் இடைவெளி நீரில் அழுத்தம் சுழியை ஒட்டியே இருக்கும். இரத்தத்திலிருந்து உணவும் மருந்தும் அந்தச் சரிவில் இறங்கிச் செல்களைச் சேரும்.

புற்றுக்கட்டி வளர்வதற்குத் தனக்கென்று புதிய இரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது என்பது 1971-இல் ஜூடா ஃபோக்மன் முன்வைத்த கருத்து. அப்படி அவசரத்தில் முளைக்கும் குழாய்கள் கோணலானவை, சில முட்டுச்சந்தில் முடிபவை, சுவரெல்லாம் ஓட்டை. கசிவு கூடுகிறது. வடித்துவிட வேண்டிய நிணநீர் நாளங்களோ, நெருக்கியடித்துப் பெருகும் செல்களால் நசுங்கிக் கிடக்கின்றன. வரவு அதிகம், வடிகால் இல்லை. கட்டியின் உள்ளே அழுத்தம் 10, 20, சிலவற்றில் 40 மில்லிமீட்டர் பாதரசம் என்று ஏறி, இரத்தக்குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்துக்கே சமமாகிவிடுகிறது. அழுத்த வேறுபாடு இல்லாத இடத்தில் ஓட்டம் இல்லை என்பதுதான் டார்சியின் விதி. கான்பூர் ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்து அமெரிக்கா சென்ற ராகேஷ் ஜெயின் குழுவினர் 1980களின் இறுதியிலிருந்து இதைக் கணக்கிலும் சோதனையிலும் காட்டினார்கள். விளிம்பில் மட்டும் அழுத்தம் சட்டென்று விழுவதால், அங்கே நீர் வெளிநோக்கி ஊறி, வந்த மருந்தையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

ஓட்டம் நின்றால் மிஞ்சுவது பரவல் மட்டும். பரவலில் தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். சிறிய மூலக்கூறுகள் சமாளித்துவிடும். ஆன்டிபாடி போன்ற பெரியவை ஒரு மில்லிமீட்டர் போக நாட்கணக்கிலும், ஒரு சென்டிமீட்டர் போக மாதக்கணக்கிலும் ஆகும். ஆக்சிஜனே ஒரு தந்துகியிலிருந்து 100 முதல் 200 மைக்ரோமீட்டர் வரைதான் எட்டும். கட்டியின் நடுப்பகுதி, தலைமடையில் தண்ணீர் புரண்டோடும்போதும் வெடித்துக் கிடக்கும் கடைமடை வயல். அங்கே ஆக்சிஜன் இல்லாததால் கதிர்வீச்சுச் சிகிச்சையின் பலனும் குறைகிறது.

மருந்தைச் சுமந்த நானோத் துகள்கள் ஏவுகணை போல நேராகக் கட்டியைப் போய்த் தாக்கும் என்று எழுதும் செய்திகளைப் படிக்கும்போது எனக்கு இந்த அழுத்தம்தான் நினைவுக்கு வரும். முந்தைய பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2016-இல் வந்தது. ஊசியில் செலுத்திய துகள்களில் கட்டியைச் சேர்ந்தது, இடைநிலை மதிப்பாக, 0.7 விழுக்காடு.

ஜெயின் 2001-இல் சொன்ன தீர்வு முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தெரியும். மருந்து போக வேண்டுமானால் குழாய்களைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும் என்றார். கரையில் பத்து இடத்தில் உடைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கும் வாய்க்காலில் உடைப்புகளை அடைத்தால் கடைசி மடைக்கு நீர் எட்டும் என்று அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. குழாய் வளர்ச்சியைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்து, பெருங்குடல் புற்றுக்காக 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது வேதிச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கும் மருந்தாகவே வந்தது. அதே ஆண்டில், மலக்குடல் புற்று நோயாளிகளுக்கு அதை ஒரே ஒரு முறை கொடுத்துப் பார்த்ததில், கட்டியின் குழாய்கள் குறைந்ததோடு இடைவெளி அழுத்தமும் இறங்கியது பதிவானது. ஆனால் அளவு முக்கியம். மிகுதியாகக் கொடுத்தால் எல்லாக் குழாய்களும் போய், கட்டி முன்பைவிட மூச்சுத்திணறும். மருந்தும் உள்ளே போகாது. சோதனை விலங்குகளில் குழாய்கள் சீராக இருந்த காலம் சில நாட்கள் மட்டுமே. மற்றச் சிகிச்சையை அந்த இடைவெளிக்குள் கொடுத்தாக வேண்டும்.

முத்துப்பேட்டையிலும் கால அளவு உண்டு. ஓதம் உப்பைக் கழுவும்போதே வண்டலையும் கொண்டுவந்து படியவிடுவதால், மீன் முள் வாய்க்கால்களைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தூர்வாராவிட்டால் கிளைகளின் நுனி முதலில் மேடாகும், பிறகு தண்டும் அடையும். கோரையாறும் பாமணியாறும் கொண்டுவரும் நன்னீர் வடகிழக்குப் பருவமழையில்தான் லகூனை நிறைக்கிறது. மற்ற மாதங்களில் கடல் ஒன்றுதான் துணை. சென்ற முறை நீர் வற்றிய வேளையில் படகிலிருந்து பார்த்தபோது, வாய்க்கால் ஓரத்துச் சேறு முழுவதும் நண்டு வளைகளாகத் துளைபட்டிருந்தது. நுனி தூர்ந்துபோன ஒரு கிளையின் பக்கம் வளை ஒன்றும் இல்லை. வெள்ளையாகப் பூத்திருந்த உப்பின் நடுவே, போன வருடத்துக் கன்றுகளுக்கு ஊன்றிய மூங்கில் குச்சிகள் மட்டும் நின்றன.