பைக்கில் எக்ஸ்ட்ரா லைட் போடுகிறீர்களா? சலான், வாரன்டி, இன்சூரன்ஸ் மூன்றையும் முதலில் பாருங்கள்

சீட்டைக் கழற்றினார் சர்வீஸ் அட்வைசர். உள்ளே கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஒயரை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "வெளியில லைட் போட்டிருக்கீங்க சார், அதான் ஸ்டேட்டர் போச்சு. வாரன்டி வராது." அவ்வளவுதான், அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். வண்டிக்காரர் நைட் ஷிஃப்ட் முடிந்து விளக்கே இல்லாத ரோட்டில் வீடு திரும்புகிறவர். பள்ளம் தெரிய வேண்டும் என்றுதான் லைட் போட்டார். எட்டு மாத வண்டிக்குக் கைக்காசு போட்டு ஸ்டேட்டர், அதாவது எஞ்சினோடு சேர்ந்து வண்டிக்கு மின்சாரம் தயாரிக்கும் பாகம், மாற்றினார். கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

சட்டம் சுருக்கமாக. ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்பது 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4). விளக்குகளைப் பற்றி நேரடியாகப் பேசுவது மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989.

கடைக்காரர் சொல்லாத விதி ஒன்று இருக்கிறது, விதி 111. ஸ்பாட் லைட், சர்ச் லைட் எதையும் பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வண்டியின் முன்னால் வைக்கக்கூடாது. பெட்டியில் 'ஃபாக் லேம்ப்' என்று அச்சடித்திருப்பார்கள். மாட்டிப் பார்த்தால் நூறடிக்கு அப்பால் ஒரே புள்ளியில் குத்தும் ஸ்பாட் லைட்டாக இருக்கும். ஃபாக் லேம்ப் வெளிச்சம் அகலமாக, தாழ்வாக விழ வேண்டும். வாங்கும் முன் சுவரில் அடித்துப் பாருங்கள். பில்லில் 'எல்.இ.டி. லைட்' என்று மொட்டையாக எழுதினால் விடாதீர்கள். ஃபாக் லேம்ப் என்று மாடல் எண்ணோடு எழுதி வாங்குங்கள்.

விதி 106 கண் கூசுவதைப் பற்றியது. லைட்டுக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கம் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக்கூடாது. இதை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். நீங்கள் வண்டியில் உட்காருங்கள், ஒருவரை எட்டு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அவர் முகத்தைத் திருப்பினால் லைட்டைக் கீழே சாயுங்கள். பின்னால் ஆள் ஏறினால் முன்பக்கம் தூக்கும், ஆளை ஏற்றியும் ஒருமுறை பாருங்கள். முன்னால் சிவப்பு வெளிச்சம் காட்டக்கூடாது என்கிறது விதி 108. நீலமும் மினுக்கும் லைட்டும் வேண்டவே வேண்டாம்.

"ஆர்.சி.யில் லைட்டை ஏற்றித் தருகிறேன்" என்று புரோக்கர் யாராவது வந்தால் காசு கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் விளக்குக்கென்று கட்டமே கிடையாது. இதே காரணத்தால்தான், தாழ்வாக ஒழுங்காகப் பொருத்திய ஃபாக் லேம்ப்புக்கு 182ஏ(4) போட்டால் எதிர்க்க இடம் இருக்கிறது என்பது என் கருத்து. சலான் வந்ததும் எந்தப் பிரிவு, என்ன புகைப்படம் என்று பாருங்கள். சலானை ஆன்லைனில் விசாரிக்கும் மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் பணம் கட்டும் பொத்தானை அழுத்தினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். வழக்கை எதிர்கொள்கிறேன் என்ற தெரிவும் அங்கேயே இருக்கிறது, அதை அழுத்தினால் வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குப் போகும். அலைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்பாட் லைட் போட்டிருந்தால் வாதாடாமல் கழற்றிவிடுங்கள்.

இனி ஒயரிங். வாரன்டி மறுக்கப்படுவது பெரும்பாலும் இங்கேதான். ஒவ்வொன்றும் 20 வாட்ஸ் என்று இரண்டு லைட் போட்டால் 40 வாட்ஸ், 12 வோல்ட்டில் 3.3 ஆம்பியர். பல சின்ன பைக்குகளின் ஹெட்லைட்டே 35 வாட்ஸ்தான், ஆக ஸ்டேட்டர் மேல் இன்னொரு ஹெட்லைட்டுக்கும் மேலான சுமையை ஏற்றுகிறீர்கள். 2017 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளில் ஹெட்லைட் எஞ்சினோடு தானாக எரியும், அதை அணைத்து மிச்சம் பிடிக்கவும் வழியில்லை. பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸை நம்பாதீர்கள், மல்டிமீட்டரில் ஆம்பியர் அளக்கச் சொல்லுங்கள்.

ஹெட்லைட் ஒயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றுவதுதான் மெக்கானிக்குக்குச் சுலபம், உங்களுக்கு ஆபத்து. பேட்டரியிலிருந்து தனி ஒயர், பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ், அப்புறம் ரிலே, அதாவது சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச். சாவியை அணைத்தால் லைட்டும் அணையும்படி இணைப்பு. கம்பெனி ஒயரில் ஒரு வெட்டுகூட விழக்கூடாது. மாட்டி முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டு எல்லா லைட்டையும் போட்டு பேட்டரியில் வோல்ட் பாருங்கள். கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் 13.5-க்கு மேல் நிற்க வேண்டும். ஐடிலில் 12.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி கரைகிறது, லைட்டைச் சின்னதாக்குங்கள். இந்த அளவுகளைப் போனில் படமெடுத்து வையுங்கள். உங்கள் மாடலுக்கென்று கம்பெனியே ஃபாக் லேம்ப் விற்றால் விலை கூடினாலும் அதையே ஷோரூமில் போடுங்கள், பில்லோடு.

அப்படியும் வாரன்டி மறுத்தால்? லைட் போட்டிருப்பது ஒன்று, லைட்டால்தான் ஸ்டேட்டர் போனது என்பது இன்னொன்று. இரண்டாவதை ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் சென்டர் உங்கள் வண்டிக்குப் போடும் வேலைச் சீட்டில், காரணத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள், மேனேஜர் இல்லை, நாளைக்கு வாங்க என்பார்கள். அங்கேயே நின்று ஈமெயில் அனுப்புங்கள். வாரன்டி புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு, கவுன்டரில் சொல்வது கணக்கில்லை. கழற்றிய ஸ்டேட்டரை விட்டுவிட்டு வராதீர்கள், நாளைக்கு அதுதான் சாட்சி. பிறகு 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. எவ்வளவு பேர் இது தெரியாமல் ஸ்டேட்டருக்குக் காசு கட்டியிருக்கிறார்கள்!

இன்சூரன்ஸைப் பலரும் மறந்தே போகிறார்கள். வண்டி ஷார்ட் சர்க்யூட்டில் எரிந்தால், சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் முதலில் தேடுவது வெளி ஒயரைத்தான். லைட் போட்ட கையோடு பில்லை வைத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, ஐ.எம்.டி. 24 என்ற மின் உபகரணச் சேர்க்கையைப் பாலிசியில் போடச் சொல்லுங்கள். ஏஜென்ட் "எல்லாம் கவர் ஆகும் அண்ணே" என்றால் பாலிசித் தாளில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை. அதற்கு ஒரு வருடக் கெடு உண்டு. மறுப்பைப் போனில் சொல்லி முடிக்கப் பார்ப்பார்கள். தேதி போட்ட கடிதமாகத் தரும்வரை விடாதீர்கள்.