திருகோணமலை நிலாவெளியில ஜப்பான் முற்றம் வச்சா வீடு குளிருமா?

கடற்கரை லக்சரி வீடு எண்டாலே இப்ப எல்லாரும் காட்டுற டிசைன் ஒண்டுதான். வெள்ளைச் சுவர், கடல் பக்கம் முழுக்க கிளாஸ், நடுவில சல்லிக்கல் பரப்பி ரெண்டு பாறையும் வளைஞ்ச மரம் ஒண்டும். ஜப்பான் ஸ்டைலாம். வடிவுதான், இல்லையெண்டு சொல்லேல்ல, ஆனா அந்தத் தோட்டம் அங்க என்ன வேலை பார்க்குதெண்டு விளங்காம நிலாவெளியில கொண்டுவந்து வச்சா கரண்ட் பில்தான் ஏறும்.

ஜப்பானின்ர கியோட்டோ நகரத்தில பழைய வியாபாரிகளின்ர வீடுகள் தெருப்பக்கம் ஒடுக்கமா, உள்ளுக்கு நீளமா இருக்கும். அந்த நீளத்துக்கு நடுவில ஒரு குட்டி முற்றம், பின்னால கொஞ்சம் பெரிய முற்றம். குட்டி முற்றத்துக்குப் பேர் சுபோநிவா, ஒரு சுபோ எண்டா ஏறக்குறைய 3.3 சதுர மீற்றர், அதாவது ரெண்டு பாய் விரிக்கிற இடம். கோடையில நிழலா இருக்கிற முற்றத்தில தண்ணி தெளிப்பினம். அங்க காத்து குளிர்ந்து பாரமாகி கீழ தங்கும், வெயில் விழுற மற்ற முற்றத்தில காத்து சூடாகி லேசாகி மேல போகும், போன இடத்தை நிரப்ப குளிர்ந்த பக்கத்துக் காத்து நடுவில இருக்கிற அறைகளுக்குள்ளால இழுபட்டு வரும். ஃபேன் இல்லாமலே காத்தோட்டம். எங்கட நாற்சார் வீட்டு நடுமுற்றமும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்தது, நாங்கள்தான் அதை மூடி ஹோல் ஆக்கிப்போட்டு ஏசி பூட்டினம்.

தண்ணிக்கு ஏன் இவ்வளவு பவர்? ஒரு லீற்றர் தண்ணி ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேணும். 1,000 வாட்ஸ் ஹீட்டர் ஒண்டு 40 நிமிஷம் கக்குற சூடு அது. அவ்வளவையும் கல்லில, இலையில, காத்தில இருந்துதான் தண்ணி எடுக்குது.

ஆனா காத்து காய்ஞ்சிருந்தாத்தான் தண்ணி கெதியா ஆவியாகும். அந்த விசயத்தில திருகோணமலைக்கு கச்சான் காத்து நல்ல உதவி. தென்மேற்குப் பருவக்காத்து மலைநாட்டில மழையைக் கொட்டிப்போட்டு எங்கட பக்கம் இறங்கேக்க ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறக்குறைய 1 பாகை சூடாகும், அதுதான் அப்பிடிக் கொதிக்கக் கொதிக்க உலர்ந்த காத்தா வருது. அந்த மாதங்களில முற்றத்தில தண்ணி தெளிச்சா நல்லா வேலை செய்யும். கார்த்திகை, மார்கழி (நவம்பர், டிசம்பர்) வாடைக்காத்துக் காலத்தில காத்தே ஈரம், தெளிச்சது தெளிச்ச இடத்திலயே நிக்கும், அப்ப யன்னலைத் திறந்து காத்து போக வழிவிட்டாக் காணும்.

சல்லிக்கல்லுக்கு வருவம். கியோட்டோ இருக்கிறது வடக்கு 35 பாகையில, நாங்கள் 8.6 பாகையில. சித்திரை (ஏப்ரல்) நடுவிலயும் ஆவணி (ஓகஸ்ட்) கடைசியிலயும் மத்தியான வெயில் நேரா உச்சிக்கு வரும், எவ்வளவு ஒடுக்கமான முற்றமும் தப்பாது. வெறும் வெள்ளைக் கல்லில ஆவியாக ஒண்டுமில்லை, வெளிச்சத்தை அப்பிடியே அறைக்குள்ள திருப்பி அடிக்கும். அங்கத்தைப் பாசி இஞ்ச கருகிப்போகும், அதுக்குப் பதிலா அடம்பன் கொடியும் ஒரு பூவரசும் வச்சா நிழலும் கிடைக்கும், இலையே தண்ணியை ஆவியாக்கிக் குளிர்விக்கும். கடலைப் பார்த்த அந்தக் கிழக்குப் பக்கக் கிளாஸும் காலமை பதிஞ்ச வெயிலை உள்ளுக்கு விடும், தாழ்வாரம் அதை மறைக்காது. வெளியில தட்டி கட்டவேணும், உள்ளுக்குத் திரை போட்டாச் சூடு ஏற்கனவே உள்ள வந்திட்டுது.

அடுத்தது உப்பு. அலை உடையேக்க வெடிக்கிற குமிழிகளில இருந்து நுண்துளியா பறந்து வந்து எல்லாத்திலயும் படியும். காத்தில ஈரப்பதன் 75 வீதம் தாண்டினா சாதாரண உப்பே தண்ணியை இழுத்துக் கரையும், அதால மழை இல்லாட்டிலும் இரும்பு ஈரமாத்தான் இருக்கும். கொங்கிறீட்டுக்குள்ள இருக்கிற கம்பியை அதின்ர காரத்தன்மை மேல ஒரு மெல்லிய படலம் படிய வச்சுக் காப்பாத்தும், ஆனா உப்பில இருக்கிற குளோரைட் உள்ளுக்கு ஊறிப் போனா அந்தப் பாதுகாப்புப் படலம் உடையும். கறள் இரும்பைவிட 2 தொடக்கம் 6 மடங்கு இடம் பிடிக்கிறதால கொங்கிறீட்டை வெடிக்க வச்சிடும். மினிமலிஸ்ட் எண்டு சிலாப்பை மெல்லிசாக்கி, தாழ்வாரத்தை வெட்டி, பூச்சும் இல்லாம விட்டா உப்புக்கு வழி இன்னும் கிட்ட. கம்பிக்கு மேல 50 மில்லிமீற்றர் கொங்கிறீட் எண்டாலும் இருக்கவேணும், வெளியில பூட்டுற கைபிடி, ஆணி எல்லாம் மொலிப்டினம் எண்ட உலோகம் சேர்ந்த 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருக்கவேணும். கடல் மண்ணைக் கழுவாமக் கலவைக்குப் போட்டா இதெல்லாம் வீண், உப்பு முதல் நாளே கம்பிக்குப் பக்கத்தில இருக்கு.