தண்டுக்கப்பல்

உதுமானியத் துருக்கியரின் கடற்படைத் தலைவர் பிரி ரெய்ஸ் 1552-இல் சூயஸிலிருந்து ‘பாய்மரக் கப்பல்களில்’, பாரசீக வளைகுடா வாயிலில் போர்த்துக்கீசியர் வசமிருந்த ஹோர்முஸைத் தாக்கப் போனாராம். எழுதுபவர் மாறினாலும் இந்தப் பாய்மரம் மட்டும் மாறுவதே இல்லை. அவர் கொண்டுபோனவற்றில் பெரும்பாலானவை கேலி (galley) என்னும் வகை, ஆட்கள் உட்கார்ந்து தண்டு (oar) வலித்து ஓட்டும் போர்க்கப்பல். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

சொல்லின் பிறப்பு எளிது. பைசாந்தியக் கிரேக்கத்தில் ‘கலேயா’. அதன் வழியில் போர்த்துக்கீசிய ‘கலே’, ஆங்கிலக் ‘கேலி’. துருக்கியரின் ‘கதிர்கா’வும் கிரேக்க இரவல்தான், மூலச்சொல் வேறு.

கேலியிலும் பாய் உண்டே என்பார்கள். உண்டு, காற்று வாய்த்தால் விரிப்பார்கள். சண்டையில் அதை ஓட்டியது ஆட்களின் தோள்வலிமை. தாழ்ந்து நீண்டு ஒடுங்கிய கலம். இருபக்கமும் தண்டுகள் அடைத்துக்கொள்வதால் பெரிய பீரங்கிக்கு முகப்பில்தான் இடம். எதிரே வந்த போர்த்துக்கீசியரின் பெரிய கப்பல்களோ உயரமானவை, காற்றை நம்பியவை, பக்கவாட்டில் பீரங்கி வரிசை உடையவை. இரண்டையும் பாய்மரக் கப்பல் என்று எழுதிவிட்டால் அந்தப் போரில் புரிய என்ன மிச்சம்? செங்கடலிலும் பாரசீக வளைகுடாவிலும், காற்று அடங்கிய நாளில், ஆழமில்லாத கரையோரத்தில், கேலி நினைத்த பக்கம் திரும்பும். பருவக்காற்று வீசும் திறந்த கடலில் அது தாங்காது. ஆட்களோ ஏராளம், குடிநீர் வைக்க இடமோ சொற்பம். 1554-இல் பாஸ்ராவிலிருந்து 15 கேலிகளைச் சூயஸுக்குக் கொண்டுசெல்லப் புறப்பட்ட உதுமானியத் தளபதி சைதி அலி ரெய்ஸ், ஓமான் கரையோரம் போர்த்துக்கீசியரிடம் சிலவற்றை இழந்தார். மிஞ்சியவற்றைப் புயல் குஜராத் பக்கம் தள்ளியது. மனிதர் தரைவழியாகத்தான் நாடு திரும்பினார்.

கேலியை ‘அடிமைக் கப்பல்’ என்பது இன்னும் மோசம். அப்படிச் சொன்னால் ஆப்பிரிக்கரை அட்லாண்டிக் கடத்தி விற்ற கப்பல்தான் நினைவுக்கு வரும். உதுமானியக் கேலிகளில் கைதிகளும் அடிமைகளும் இருந்தார்கள், மறுக்கவில்லை. கூலிக்கு வந்தவர்களும், ஊருக்கு இத்தனை பேர் என்று வரிபோல் திரட்டப்பட்டவர்களும் அவர்களுடன் இருந்தார்கள்.

‘துடுப்புக் கப்பல்’ ஓரளவு கிட்டே வருகிறது. ஆனால் துடுப்பு என்றதும் பரிசலும் தோணியும்தான் கண்முன் வரும், கையில் பிடித்துத் தள்ளுவது. கலத்தின் விளிம்பில் பொருத்தி, உட்கார்ந்து வலிப்பது தண்டு. ‘தண்டு வலித்தல்’ நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதையும் வார்க்க வேண்டியதில்லை. ஆகவே தண்டுக்கப்பல். தண்டு என்றால் படை என்றும் பொருள்படுமே, குழப்பாதா? படைக்கப்பல் என்று புரிந்துகொண்டாலும் குடிமுழுகாது, இது போருக்குக் கட்டியதுதானே. ‘கேலி’ என்றே விட்டால் படிப்பவர் நையாண்டி என்று நினைப்பார்.

அகராதியைத் திறந்து கண்ணில் பட்ட பொருளைக் கிள்ளிப்போடுவது இப்போது மொழிபெயர்ப்பு ஆகிவிட்டது. கேலி என்பதற்குக் கப்பல் சமையலறை என்றும் ஒரு பொருள் உண்டு. இயந்திரம் தருவதை அப்படியே ஒட்டுபவர்கள் கையில் சிக்கினால், துருக்கியர் ஹோர்முஸுக்குப் பந்தி பரிமாறப் போனதாகவும் ஒருநாள் படிக்க நேரும்.