கேம்ல காயின் ஏன் 2147483647-ல நிக்குது?

நாயுடுபுரத்துல இருக்குற அக்கா பையன் போன வாரம் கரண்ட் இல்லாத நேரமா பாத்து போன் பண்ணி, மாமா கேம்ல காயின் 2147483647-க்கு மேல ஏறவே மாட்டேங்குது, எவனோ ஹேக் பண்ணிட்டான்னு ஒரே புலம்பல். ஹேக்கும் இல்ல ஒண்ணும் இல்லடா, கேம் காயின் எண்ணிக்கைய 32 பிட்ல, அதாவது 0 இல்ல 1 மட்டும் போடுற 32 கட்டத்துல வெச்சிருக்கு, அதுல ஒண்ணு ப்ளஸ் மைனஸுக்கு போயிடும், மிச்சம் 31, 2-ஐ 31 தடவ பெருக்கி 1 கழிச்சா இதுதான் வரும்னேன். அதோட விட்டிருக்கலாம். அது பகா எண், 1772லயே ஆய்லர்ங்கற கணித மேதை காட்டிட்டாரு, அப்ப அவருக்கு கண்ணு கிட்டத்தட்ட போயிருச்சுன்னும் சேத்து சொல்லி மாட்டிக்கிட்டேன். பத்து டிஜிட் மாமா, எப்படின்னான்.

நேர் வழில போனா நம்ம நம்பரோட வர்க்கமூலம், அதாவது 46340 வரைக்கும் இருக்குற ஒவ்வொரு பகா எண்ணாலயும் வகுத்துப் பாக்கணும், நாலாயிரத்து எழுநூறுக்கும் மேல இருக்கு. ஆய்லர் அப்படி போகல. குட்டித் தம்பிய வெச்சு பாப்போம்: 2-ஐ 11 தடவ பெருக்கி 1 கழிச்சா 2047. இது 23-ஆல மீதி இல்லாம வகுபடும். இப்ப 1-ல ஆரம்பிச்சு ரெட்டிப்பாக்கிட்டே போங்க, 23-ஐ தாண்டுனா 23-ஐ கழிச்சிடுங்க: 1, 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, அப்புறம் திரும்ப 1. சரியா 11 அடி! கொடை ஏரிய சைக்கிள்ல சுத்தி கிளம்புன எடத்துக்கே வந்து நின்ன மாதிரி. நடுவுல எங்கயும் 1 வராது, ஏன்னா 11 பகா எண், அத சின்ன சம சுத்தா பிரிக்க முடியாது. இன்னொரு பக்கம் ஃபெர்மாங்கற கணித அறிஞர் சொல்றாரு, 23-க்கு 22-வது அடில கண்டிப்பா 1-ல தான் நிப்பன்னு. அப்ப 22 முழு சுத்தா இருந்தே ஆகணும், அதாவது 11-ஆல வகுபடணும். 2047-ஓட இன்னொரு காரணி 89-ஐயும் பாருங்க, 1 கழிச்சா 88, அதுலயும் 11 உக்காந்திருக்கு. முதல் தடவ இது புரிஞ்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல.

நம்ம நம்பருக்கு சுத்து 31 அடி. காரணின்னு ஒண்ணு இருந்தா அதுல 1 கழிச்சது 31-ஆல வகுபடணும், காரணி ஒத்தைப்படைங்கறதால அது ரெட்டைப்படையா வேற இருக்கணும், ஆக 62-ஆல. இதோட 8-ஆல வகுத்தா மீதி 1 இல்லேன்னா 7 தான்னு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, ரெண்டையும் சேத்தா 248-ஆல வகுக்குறப்ப மீதி 1 இல்ல 63 வர்ற எண்கள் மட்டும்தான் தேறும். 46340-க்குள்ள அப்படி 373 தான் இருக்கு, அதுலயும் பகா எண்ண மட்டும் எடுத்தா போதும். எதுவும் வகுக்கல. அவ்ளோதான் வேலை.

அக்கா நடுவுல போன வாங்கி, அந்த நம்பர் ராசியாடான்னு கேட்டா. இலக்கத்த கூட்டுனா 46, அப்புறம் 10, அப்புறம் 1, சூரியன் நம்பர்னு ஜோசியர் காசு வாங்கிருவாரு. அந்த 1-க்கு அர்த்தம் 9-ஆல வகுத்தா மீதி 1ங்கறது மட்டும்தான். சூரியனப் பத்தி தெரியணும்னா நம்ம கொடைக்கானல்லயே அப்சர்வேட்டரி இருக்கு, சூரியப் புள்ளில வாயு வெளிப்பக்கமா பாயுறத விஞ்ஞானி எவர்ஷெட் 1909ல அங்கதான் கண்டுபிடிச்சாரு. ஜோசியத்துக்கு போற காசுல பாதி அந்த மாதிரி எடத்துக்கு போனா எனக்கு சந்தோஷம்.

பையன் விடல. மைனஸே வேணாம்னு 32 பிட்டையும் காயினுக்கே குடுத்தா அதுவும் பகா எண்ணா மாமான்னான். 4294967295 டா, கடைசி இலக்கத்த பாருன்னேன்.