வீடியோ காலுக்கு முன்னுரிமை கொடுத்தும் ஏன் திக்குகிறது?

"வீடியோ காலுக்கு முதலிடம் கொடுத்துட்டோம் சார், ஆனாலும் குரல் விட்டு விட்டு வருது." மறுபடியும் அதே புகார். ரவுட்டரைத் திறந்தால் பக்கம் பக்கமாக விதிகள். எந்தப் போர்ட்டுக்கு (செயலிகள் பயன்படுத்தும் வாசல் எண்) எவ்வளவு, எந்த ஐபி முகவரிக்குப் போனால் எந்த வகுப்பு என்று அழகாகப் பிரித்திருக்கிறார்கள். மொத்த வேகம் என்ற கட்டத்தில் மட்டும் 1000 எம்பிபிஎஸ். அந்த இணைப்பின் அப்லோடோ வெறும் 20.

முன்னுரிமை என்றால் பேண்ட்வித் ஒதுக்குவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. வரிசையில் யாரை முன்னால் விடுவது என்பதுதான் முன்னுரிமை. வரிசையே உங்கள் ரவுட்டரில் உருவாகவில்லை என்றால் யாரை முன்னால் விடுவீர்கள்? 1000 எம்பிபிஎஸ் இருப்பதாக நம்பும் ரவுட்டர், வந்த பாக்கெட்டை (தரவுத் துண்டை) எல்லாம் உடனுக்குடன் மோடத்தின் பக்கம் தள்ளிவிடும். வரிசை அங்கே சேரும். நீங்கள் எழுதிய விதி எதுவும் மோடத்துக்குத் தெரியாது. முதலில் வந்தது முதலில் போகும், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். மோடத்தின் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) 1 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 8 மெகாபிட். பேக்கப் ஒன்று ஓடி அதை நிரப்பிவிட்டால், 20 எம்பிபிஎஸ் வேகத்தில் அது காலியாக 400 மில்லிசெகண்ட் ஆகும். குரலுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான ஐடியு-டியின் ஜி.114 பரிந்துரை. ஜி.711 என்ற குரல் குறியீட்டு முறையில் ஓடும் அழைப்புக்கு ஒரு திசையில் 100 கேபிபிஎஸ்கூடத் தேவையில்லை. குறை பேண்ட்வித்தில் இல்லை, காத்திருப்பில்.

ஆகவே முதலில் மொத்த வேகத்தை உண்மையான அப்லோடைவிடக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். 20 என்றால் 18. "காசு கொடுத்து வாங்கின வேகத்துல பத்து சதவீதம் போகுதே" என்பார்கள். போகட்டும். வரிசை உங்கள் கைக்கு வருவதற்கான விலை அது.

டவுன்லோடில் இந்தப் பிடி பாதிதான். வரிசை சேவை நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது. நீங்கள் செய்யக்கூடியது, வந்து சேர்ந்ததில் சிலவற்றைக் கைவிட்டு டிசிபியை (பாக்கெட் தொலைந்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் அனுப்பும் முறை) மெதுவாக்குவது. அப்படித் தானாகக் குறைத்துக்கொள்ளாத இன்னொரு முறையான யுடிபியில் வெள்ளம் வந்தால் உங்கள் விதியால் ஒன்றும் ஆகாது.

அப்புறம் இந்த முகவரிப் பட்டியல்கள். எப்போதோ யாரோ எழுதிவைத்த ஐபிகளை அப்படியே ஒட்டி, 'இது வீடியோ தளம், இதைக் கட்டுப்படுத்து' என்கிறார்கள். இன்று சிடிஎன் (பல தளங்களின் உள்ளடக்கத்தைப் பகிர்ந்து வழங்கும் சர்வர் வலை) முகவரி ஒன்றுக்குப் பின்னால் பல தளங்கள் இருக்கும்; முகவரியும் மாறிக்கொண்டே இருக்கும். போர்ட்டும் துணைக்கு வராது, ஏறக்குறைய எல்லாமே பாதுகாப்பான இணையத் தளங்களுக்கான 443 தான். 2021-இல் ஆர்எஃப்சி 9000 ஆக வந்த க்விக் நெறிமுறை, பிரவுசரின் போக்குவரத்தில் ஒரு பகுதியையும் யுடிபிக்கு மாற்றிவிட்டது. 'யுடிபி எல்லாம் கேம், முன்னால் விடு' என்று எழுதியவர்கள் வீடியோ ஸ்ட்ரீமிங்கைத்தான் முன்னால் விடுகிறார்கள். போய்ச்சேரும் முகவரியை வைத்துப் பிரிக்க வேண்டுமென்றால், உங்கள் கட்டுப்பாட்டில் உள்ளவற்றுக்கு மட்டும் செய்யுங்கள்: கிளை அலுவலகம், பேக்கப் சர்வர், குரல் சர்வர். ஒவ்வொரு கணினிக்கும் டவுன்லோட் வரம்பு வைப்பதானால் லேன் (உள் வலை) பக்கத்து இன்டர்ஃபேஸில் வையுங்கள். வேன் (இணையப்) பக்கம் உள்ளே வரும்போது நேட் (பல கணினிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறை) காரணமாக எல்லா பாக்கெட்டிலும் போய்ச்சேரும் முகவரியாக இருப்பது ஒரே பொது முகவரி.

தயவுசெய்து இவற்றையும் பாருங்கள். எச்டிபி (வேகத்தைத் தாய், குழந்தை என்று அடுக்கு வகுப்புகளாகப் பிரிக்கும் முறை) பயன்படுத்தினால், குழந்தை வகுப்புகளின் ரேட் (உறுதியாகக் கிடைக்கும் வேகம்) கூட்டுத்தொகை தாய் வகுப்பின் ரேட்டைத் தாண்டக் கூடாது. மிச்சத்தைக் கடன் வாங்கத்தான் சீல் (உச்ச வரம்பு) இருக்கிறது. ஹார்டுவேர் ஆஃப்லோட் (பாக்கெட்டுகளை மென்பொருளைத் தவிர்த்து சிப்பே நேராக அனுப்பும் வசதி) ஓடிக்கொண்டிருந்தால் பாக்கெட்டுகள் வரிசையைத் தொடாமலே போய்விடும், அணைத்துப் பாருங்கள். பழைய முகவரி முறையான ஐபிவி4-க்கு மட்டும் விதி எழுதிவிட்டு, புதிய முறையான ஐபிவி6-இல் போகும் போக்குவரத்தைப் பார்த்து 'விதி வேலை செய்யவில்லை' என்று என்னிடம் வராதீர்கள்.

உண்மையில் பாதிப் பேருக்கு விதிகளே வேண்டாம். கேக் அல்லது எஃப்க்யூ-கோடெல் (வரிசையைத் தானாகவே நியாயமாகப் பங்கிடும் முறைகள்), கூடவே சரியான மொத்த வேகம், இவை போதும். மாற்றியபின் ஸ்பீட் டெஸ்ட்டை மட்டும் ஓட்டிவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்லாதீர்கள். பெரிய கோப்பு ஒன்றை அப்லோடில் போட்டுவிட்டு, அது ஓடும்போதே பிங் (பாக்கெட் ஒன்று போய்த் திரும்ப ஆகும் நேரம்) பாருங்கள். அந்த எண்ணோடு பேச வாருங்கள்.