டிவி ஒயரைச் சுவருக்குள் விடும் முன்

டிவியைச் சுவரில் மாட்டியதும் கீழே தொங்கும் ஒயர்கள் கண்ணை உறுத்தும். உடனே சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, எல்லாவற்றையும் உள்ளே தள்ளிப் பூசிவிடுகிறார்கள். டிவியோடு வந்த பவர் கார்டும் அதோடு புதைந்துபோகிறது. அது வெளியில் கிடப்பதற்கான ஒயர். பூச்சுக்குள் சூடு சரியாக ஆறாது, பழுதானால் மாற்றவும் முடியாது. அங்கே ஒயர் இருப்பது தெரியாமல் யாராவது டிரில் போட்டால் உயிருக்கே ஆபத்து. பவருக்குத் தனி பிவிசி பைப் போட்டு, எர்த்தோடு சேர்த்து 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் மூன்று இழுத்து, டிவிக்குப் பின்னால் 6 ஆம்பியர் சாக்கெட் வையுங்கள். பிராக்கெட் போல்ட் இறங்கும் இடத்தை முதலிலேயே குறித்துவிட்டால் சாக்கெட் அதில் இடிக்காது.

படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ கேபிளுக்கும் பைப் தனிதான். கேபிள் தடிமனைப் பார்த்து 25 மி.மீ. போதும் என்பார்கள். பிளக்கின் தலையே ஏறக்குறைய 20 மி.மீ. அகலம், நேர் பைப்பிலேயே திணறும், எல்போவில் (பைப் திரும்பும் வளைவில்) நின்றேவிடும். எலக்ட்ரீஷியன் ‘போயிடும் சார்’ என்றால், பூசுவதற்கு முன் பிளக்கை விட்டுக் காட்டச் சொல்லுங்கள். 50 மி.மீ. பைப்பை டிவியிலிருந்து நேர் கீழே இறக்கி, உள்ளே ஒரு நைலான் கயிறும் விட்டுவைத்தால் நாளைக்கு கேபிள் மாற்றச் சுவரை உடைக்க வேண்டாம்.

ஆனால் எல்லாச் சுவரும் இந்தப் பைப்புக்கு இடம் தராது. செங்கல் கட்டுமானச் சுவர்களுக்கான இந்தியத் தர நெறியான ஐஎஸ் 1905 விதிப்படி, செங்குத்துக் காடியின் ஆழம் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கையும், படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது. ஒன்பது அங்குலச் சுவரில் செங்குத்தாக 76 மி.மீ. வரை வெட்டலாம், படுக்கையாக 38தான். நாலரை அங்குலச் சுவரிலோ செங்குத்தாகவே 38 மி.மீ.தான் கிடைக்கும். அங்கே வெட்டவே வேண்டாம். டிவிக்குப் பின்னால் ரீப்பர் (மரச் சட்டம்) அடித்து பிளைவுட் பேனல் போட்டு, அந்த இடைவெளியில் பைப்பை இறக்குங்கள். காங்கிரீட் தூண், பீமில் கை வைக்கவே கூடாது.

நீளமான 4கே இணைப்புக்கு ஃபைபர் எச்டிஎம்ஐ வாங்கினால் அதற்குத் திசை உண்டு. செட்டாப் பாக்ஸ் பக்கமும் டிவி பக்கமும் முனையிலேயே குறித்திருக்கும். மாற்றி இழுத்தால் படம் வராது. சவுண்ட்பார் இருந்தால் அதன் எச்டிஎம்ஐ கேபிள், டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் ‘ஏஆர்சி’ என்று எழுதிய போர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

காடியை மூடும்போது இருபுறமும் தாண்டும்படி கோழிவலை அடித்துப் பூசி, ஒரு வாரம் தண்ணீர் தெளியுங்கள். வலை இல்லாவிட்டால் பைப் போன வழியே விரிசல் விடும். பூசுவதற்கு முன் அளவு டேப்பை வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை டிரில் போட வருபவருக்கு அதைக் காட்டலாம்.